கை நின்ற வரி

முதலில் மணந்து பார்ப்பார். பையின் வாயை விரித்து, உள்ளே கிடப்பதை வெளியில் எடுக்காமலே முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுப்பார். பூச்சி உருண்டை மணந்தால் அது அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்தது. புகை மணந்தால் குசினிப் பரணில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகும். ஒற்றைக் காலுறை, காது மூடாத குழந்தைத் தொப்பி, முழங்கையோடு நின்றுபோன ஒரு சட்டைக் கை. "ஆரின்ர கை இது? இப்பிடி இறுக்கிப் பின்னியிருக்கிறா. மாமியாரோட கோவம் போல," என்பார் பிரேமிளா. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும்.

பிரேமிளாவுக்கு ஐம்பத்தேழு வயது. வீடு நெளுக்குளத்தில். வவுனியாவிலிருந்து பஸ் போகிற ஊர்களில் ஒரு புடவைக் கடைப் பையோடு இறங்கி, வாசல் படலையில் நின்று கூப்பிடுவார்: "முடிக்காம விட்ட பின்னல் ஏதும் கிடக்கோ, அம்மா?" பழைய பேப்பர் வாங்க வருகிறவரின் அதே குரல். பூநகரியில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஒருமுறை, "இந்த வெயிலுக்குக் கம்பளியோ? மாட்டுக்கோ போர்த்தப்போறியள்?" என்று கேட்டார். "ஓம், உங்கட மாட்டுக்கும் ஒண்டு தாறன். முதல் வீட்டுக்குள்ள போய்க் கிடக்கிறதை எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றார் பிரேமிளா. அவர் உள்ளே போய், மகள் பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்குத் தொடங்கி விட்ட ஒரு சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வன்னியில் அரைகுறைப் பின்னலுக்குக் குறைவில்லை. யுத்தம் முடிந்து மீள்குடியேறிய வருடங்களில் ஊருக்கு ஊர் பயிற்சி வகுப்புகள் வந்தன. மூன்று மாதம், ஆளுக்கு நாலு உருண்டை நூல், மத்தியானச் சாப்பாடு, கடைசி நாளில் ஒரு சான்றிதழ். வகுப்பு முடிந்த அன்று ஊசியில் எது நின்றதோ அது அப்படியே நின்றுவிட்டது. அதற்கும் முந்திய யுத்தத் தடைக் காலத்தில் பின்னலூசி கிடைக்கவில்லை. சைக்கிள் கம்பியை அறுத்து, நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிப் பின்னினார்கள். அந்தக் கம்பிகளை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பிள்ளை பிறக்கப்போகிறது என்று தொடங்கிய தொப்பிகளும் வரும். சில, பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டதால் நின்றவை. சில, வேறு காரணத்தால் நின்றவை. பிரேமிளா கேட்பதில்லை. "சொல்ல விரும்பினாச் சொல்லுவினம். இல்லாட்டி நூல் கிடக்குதுதானே," என்பார்.

இந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்துப் போர்வை ஆக்குகிறார். வேறு யாராக இருந்தாலும் பிரித்து, நூலைச் சுருட்டி, ஒரே அளவுச் சதுரங்களாகப் பின்னி இணைப்பார்கள். பிரேமிளா எதையும் பிரிப்பதில்லை. எதையும் முடித்து வைப்பதும் இல்லை. ஊசியை உருவிவிட்டு, பின்னியவளின் கை எந்த வரியில் நின்றதோ அந்த வரியிலேயே கண்ணிகளை மூடி, அடுத்த துண்டோடு கோத்துவிடுவார். அதனால் அவருடைய போர்வைகளுக்கு நேரான ஓரம் கிடையாது. ஒரு மூலையில் குழந்தைத் தொப்பி புடைத்து நிற்கும். நடுவில் ஒரு சட்டைக் கை தொங்கும். அந்தக் கைக்கும் ஒரு பயன் உண்டென்று முதலில் கண்டுபிடித்தவர் அப்புத்துரை என்கிற வயல் செய்யும் கமக்காரர். ஒரு கையை மெசினுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பவர், மற்றக் கையை அதற்குள் நுழைத்துக்கொண்டார்.

மெசின் என்று அவர்கள் சொல்வது ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவைத்தான். சிறுநீரகம் பழுதான கமக்காரர்கள் வாரத்தில் இரண்டு தரம் வந்து நாலு மணித்தியாலம் படுத்திருப்பார்கள். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே இயந்திரங்களுக்காக ஏசி. இரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பி வரும்போது உடம்பு உள்ளேயிருந்து குளிரும். பிரேமிளாவின் கணவர் தங்கராசா அங்கே போகத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் நாள் அவருடைய பல் அடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு வந்துதான் பிரேமிளா முதலாவது போர்வையைக் கோத்தார். இரண்டாவது, பக்கத்துக் கட்டிலுக்கு. இப்போது எத்தனையாவது என்று கேட்டால், "எண்ணினா கை நிண்டுபோகும்," என்கிறார்.

போர்வையைக் கொடுத்த பிறகும் அவர் உடனே வெளியே வருவதில்லை. கட்டில் ஓரத்தில் ஏசிக்கு நேராக ஒரு கதிரையைப் போட்டு, சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில், ஒன்பது வயதில், ஒரு தகரப்பெட்டியோடு லொறியில் வவுனியாவுக்கு வந்தார். லயத்துக் கதவைத் திறந்தால் மேகம் காலடியால் உள்ளே வரும். அடுப்புச் சாம்பலில் பூனையோடு சேர்ந்து காலை வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். வாயிலிருந்து புகை வருவதைப் பார்க்க அண்ணன்மாரோடு போட்டி போட்டு ஊதுவார்கள். பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, மடியில் ஒரு பிள்ளையை ஆட்டியபடியே பின்னிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துத்தான் விரல் படிந்தது. லொறியில் வந்து இறங்கிய அன்று, உடுத்திருந்த சுவெட்டரைக் கழற்றியவர் பிறகு போடவேயில்லை. போட இங்கே குளிர் இல்லை.

"நான் போர்வை குடுக்க வாறது எண்டுதான் நேர்ஸ் பிள்ளையள் நினைக்கினம். நான் வாறது இந்தக் கூதலுக்கு," என்று ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கட்டிலில் இருந்த தங்கராசா, "அப்ப எனக்குச் சீக்கு வந்தது ஒனக்கு வசதியாப் போச்சு," என்றார். இருவரும் சிரித்தார்கள்.

தங்கராசாவும் மலையிலிருந்து வந்தவர்தான். வெளியில் எல்லோரோடும் வன்னிப் பேச்சுப் பேசுகிறவர்கள், தமக்குள் கதைக்கும்போது மலைநாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கேலி முழுவதும் அந்தப் பேச்சில்தான். பிரேமிளாவின் கை ஒருபோதும் சும்மா இருக்காது. பஸ்ஸில் பின்னும். செத்த வீட்டில் பாயின் ஓர நாரைச் சுருட்டும். யாரோ ஒருவருடைய சட்டையில் நூல் தொங்கினால், பெயர் கேட்பதற்கு முன்பே அதைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடும். "சாமி கும்புடயிலயும் இவ வெரலு நூல் சுத்தும். முருகனே வேலை ஒளிச்சு வச்சிருப்பாரு, ஊசின்னு நெனச்சு எடுத்துருவாளோன்னு," என்பது தங்கராசா சலிக்காமல் சொல்லும் பகிடி.

எதையும் முடித்து வைப்பதில்லை என்ற தன் விதியைப் பிரேமிளா ஒரேயொரு தடவை மீறியிருக்கிறார். அது அவருக்கும் தங்கராசாவுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு துணுக்காயில் ஞானேஸ்வரி என்கிற பெண் ஒரு பை கொடுத்தார். அக்கா காலமாகி முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது, அலுமாரியை ஒதுக்கினேன், இதை எரிக்க மனம் வரவில்லை என்றார். உள்ளே மயில் கழுத்து நீலத்தில் ஒரு சுவெட்டரின் முதுகுப் பக்கம். இரண்டு சைக்கிள் கம்பிகள். அதே நிறத்தில் ஏழு உருண்டை நூல் மிச்சம். தொட்டால் விரல் உள்ளே போகிற மாதிரி மெதுமை. தளர்வான, அவசரமில்லாத கை. இப்படி ஒன்று பிரேமிளாவின் பைக்குள் அதற்கு முன் வந்ததில்லை. அப்போது தங்கராசாவின் போர்வை நீளம் போதாமல் கால் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

மற்றவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சைக்கிள் கம்பி வருடக்கணக்காகக் கிடந்த வரியில் துரு பிடித்து, ஒரு மண்ணிறக் கோடு விழுந்திருந்தது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து அந்தக் கோட்டை எடுத்தார். பிறகு, நூல் இருக்கிறதே என்று, அந்தத் தளர்வான கையை அப்படியே பார்த்துப் பின்னித் தோள் வரை முடித்து, சுற்றிலும் வேறு துண்டுகள் வைத்துக் கணவரின் போர்வையோடு கோத்தார். இரண்டே நாள். எங்கே அந்தக் கை நின்றது, எங்கே தன் கை தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படலையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கியவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும்.

"பிரேமிளா அன்ரி வீடு இதுவோ? நான் தாட்சாயினி. துணுக்காய். ஞானேஸ்வரி சித்தி உங்களிட்ட ஒரு பின்னல் தந்தவாவாம். அது என்ர அம்மான்ர."

"துணுக்காய் நீலம்," என்றார் பிரேமிளா. கையிலிருந்த ஊசி நின்றது. "வாங்கோ, பிள்ளை. இருங்கோ. திரும்ப வேணுமோ?"

"இல்லை அன்ரி. பாக்கவேணும். அம்மா எங்க விட்டவா எண்டு பாக்கவேணும்."

தேத்தண்ணி வந்தது. அவள் அதைக் குடிக்கவில்லை. வீட்டிலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். இடம் கிடைத்தது மலைப்பக்கத்துப் பேராதனையில். மகள் குளிரில் கஷ்டப்படுவாள் என்று அம்மா பத்மாசனி கிளிநொச்சிக்குப் போய் நூல் வாங்கி, பழைய கம்பிகளைத் தேடி எடுத்துத் தொடங்கினார்.

"போய் ரெண்டாம் மாதம் அம்மா போன் எடுத்தவா. முதுகு கைக்குழி வரைக்கும் வந்திட்டுது, நாளைக்குக் கண்ணி குறைக்கத் தொடங்கோணும் எண்டு சொன்னவா. சந்தோசமாத்தான் சொன்னவா." தாட்சாயினி கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் சொன்னனான், வேண்டாம் அம்மா, இஞ்ச ஒருத்தரும் வீட்டில பின்னினது போடுறேல்ல, பாத்தாச் சிரிப்பினம் எண்டு. பக்கத்தில கூட்டாளிப் பிள்ளையள் நிண்டவை. அம்மா சரி பிள்ளை எண்டு வைச்சிட்டா. பிறகு அதைப்பற்றிக் கதைச்சதே இல்லை. நானும் கேக்கேல்ல. அண்டைக்கே தூக்கி வைச்சவாவோ, இல்லாட்டி அதுக்குப் பிறகும் பின்னினவாவோ? அது மட்டும் தெரிஞ்சாக் காணும்."

சாய்மனைக் கதிரையில் தங்கராசா போர்வையை முழங்கால் வரை இழுத்துக்கொண்டு கிடந்தார். மெசினுக்குப் போய் வந்தால் இரண்டு நாளைக்கு அவருக்கு வெயிலிலும் குளிரும். பிரேமிளா போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"என்னாத்துக்கு உருவுற?"

"குடுங்க. அந்தப் புள்ளயோட அம்மா பின்னுனது."

அவர் காலை மடக்கிக் கொடுத்துவிட்டார்.

முற்றத்து மாமரத்தின் கீழே பாயில் விரித்தார்கள். சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் நீலம் தனியே தெரிந்தது. தாட்சாயினி அடி ஓரத்திலிருந்து விரலால் மேலே தடவிக்கொண்டு போனாள். இடுப்பு, முதுகு, கைக்குழி வளைவு. விரல் நிற்கவில்லை. கைக்குழியைத் தாண்டி மேலே போனது. தோள் வரை போனது.

"முடிஞ்சிருக்கே!" அவள் நிமிர்ந்தாள். முகம் முழுவதும் விரிந்திருந்தது. "அன்ரி, அம்மா முதுகை முழுக்க முடிச்சவாவே! நான் வேண்டாம் எண்டு சொன்ன பிறகும் முடிச்சிருக்கிறா!"

கதிரை கிரீச்சிட்டது. தங்கராசா தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

ஓம் பிள்ளை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பிள்ளை அழுதுவிட்டு, ஸ்கூட்டியில் ஏறிச் சந்தோசமாகத் துணுக்காய்க்குப் போய்விடும். யாருக்கும் நட்டமில்லை. பிரேமிளாவின் விரல்கள் சேலைத் தலைப்பில் ஒரு நூலைக் கண்டுபிடித்துச் சுற்றின. சுற்றிய விரல் நுனி வெளுக்கும் வரை சுற்றின.

"இல்லை பிள்ளை," என்றார். "மேல் பக்கம் முடிச்சது நான்."

தாட்சாயினிக்கு உடனே விளங்கவில்லை.

"நான் ஒருநாளும் முடிக்கிறேல்ல. இது நல்ல நூல். இவருக்குக் கால் குளிருது எண்டு முடிச்சுப்போட்டன். நல்லதை மற்றவைக்குக் குடுக்க மனம் வரேல்ல எண்டுதான் சொல்லோணும்."

"எங்க இருந்து நீங்கள்?"

"தெரியேல்ல. கம்பி கிடந்த இடத்தில துருக் கோடு ஒண்டு இருந்தது. அதையும் நான்தான் தேச்சு எடுத்தனான்." பிரேமிளா நீலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். தன் சாமர்த்தியம் முழுவதும் அங்கே தன் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. "என்ர கையை நானே கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு."

தங்கராசாதான் சொன்னார்: "மேலருந்து பிரிச்சா ஒன்னோடதுதானே மொதல்ல வரும்."

பிரேமிளா சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, நீலத்தை மற்றத் துண்டுகளோடு கோத்திருந்த நூலை வெட்டினார். போர்வையின் நடுவில் பாய் தெரிந்தது. தோள் பக்கத்தில் தான் போட்ட கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். வாழ்க்கையில் ஒரு பின்னலைப் பிரிக்க அவர் நூல் நுனியைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிடித்தவர் இழுக்கவில்லை. நுனியைத் தாட்சாயினியின் கையில் வைத்தார்.

"நீங்களே இழுங்கோ. நான் இழுத்தா, உங்கட முகத்தைப் பாத்து என்ர கை எங்கயாவது நிப்பாட்டிப்போடும்."

அவள் இழுத்தாள். வரி வரியாக நூல் ஓடி வந்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். சுருள் சுருளாகப் பாயில் விழுந்து குவிந்தது. தோள் போனது. தோளுக்குக் கீழே ஒரு சாண் போனது. நூல் தடையில்லாமல் வந்துகொண்டேயிருந்தது. கைக்குழி வளைவு கிட்டக் கிட்ட, அவள் இழுப்பது மெதுவானது. இன்னும் ஐந்து விரல். நாலு விரல். மூன்று. அந்த நூல் இனி எங்கும் நிற்காமல் கைக்குழியின் அடிவரை ஓடிவிடும் என்றே பிரேமிளாவுக்குப் பட்டது. ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"அன்ரி," என்றாள் தாட்சாயினி. "வருகுதில்லை."

"இழுக்காதேங்கோ!"

பிரேமிளா குனிந்து நகத்தால் அந்த வரியைத் தொட்டார். கண்ணிகள் ஒன்றோடொன்று மயிர் பிடித்து ஒட்டிக்கிடந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்துக்குத் தெரிந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, ஒரே ஒரு வரி.

"எலுமிச்சம்பழம்," என்றார். "துருவை எடுக்கத் தேச்சன்தானே. தேச்ச இடத்தில கம்பளி சிக்குப் பிடிச்சுப்போச்சு. இதுதான் பிள்ளை. கம்பி இதிலதான் கிடந்தது. அம்மா விட்ட இடம் இதுதான்."

தாட்சாயினி கைக்குழி தொடங்கும் இடத்தில், முதல் கண்ணி குறைத்த அடையாளத்தில் ஒரு விரலை வைத்தாள். அங்கிருந்து சிக்குப் பிடித்த வரி வரைக்கும் பிரேமிளா நகத்தால் எண்ணினார். ஒருதரம் எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணினார்.

"பதினொரு வரி."

"அப்ப..."

"நீங்கள் போனில சொன்ன பிறகு பதினொரு வரி. வயல், சமையல் எண்டு ஓடுற ஆள் ஒரு நாளில பின்னுற வரியில்லை இது. மூண்டு நாள் வரும். நாலும் வரும்."

தாட்சாயினி அந்தப் பதினொரு வரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதன் அகலம் அவளுடைய மூன்று விரலுக்கும் குறைவு.

"பிறகு ஏன் விட்டவா?"

பிரேமிளா பால்மாத் தகர டப்பாவுக்குள் கிடந்த ஊசிகளைக் கிளறி, அந்த இரண்டு சைக்கிள் கம்பிகளையும் எடுத்து வந்து பாயில் வைத்தார். கதிரையிலிருந்து தங்கராசா, "போர்வைய அப்புடியே குடு. ஓட்டையிருந்தாலும் காலுக்குத்தானே," என்று கை நீட்டினார். தாட்சாயினி கம்பியை எடுத்து, திறந்து கிடந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றத் தொடங்கியிருந்தாள். பழக்கமில்லாத கை. கம்பியைச் சரித்துப் பிடித்திருந்தாள். ஏழாவது கண்ணி நழுவியது. கீழ் வரிக்கு இறங்கத் தொடங்கியது. பிரேமிளாவின் கை தானாகவே முன்னால் போனது. பாதி வழியில் நின்றது. பக்கத்தில், சுருள் சுருளாக அவருடைய நூல் குவிந்து கிடந்தது, யாராவது எடுத்துச் சுற்றட்டும் என்பதுபோல. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.